காலேஜக்காவின் ஈரக் கணக்கு

அந்தச் சலவை ஆலையின் இஸ்திரிப் பிரிவு சூப்பர்வைசருக்குப் பதினொரு வருடமாக ஒரே ஒரு கோரிக்கைதான் இருந்தது: புது ரோலர் வேண்டும்.

ரோலர் என்றால் ஓர் ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் சூடான உருளை. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்து ஈரத்தோடு கொண்டுவருவார்கள். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே விட வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் அதைப் பிடித்து இழுத்து மடிக்க வேண்டும். எப்போதும் சூடாக, எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டு, யார் என்ன செய்தாலும் திருப்தியில்லாமல் நின்ற அந்த இயந்திரத்துக்குப் பிரிவிலிருந்த ஏழு பெண்களும் சேர்ந்து ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் குழாய் மூட்டுகளிலிருந்து ஆவி சீறும். அறைக்குள் நுழைந்தவர்களின் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். காலை பத்து மணிக்கு மேல் அங்கே யாருக்கும் முகத்தில் பவுடர் நிற்காது.

சூப்பர்வைசர் ஒவ்வொரு வருடமும் முதலாளிகளிடம் போய்க் கேட்பாள். முதலாளிகள் அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவர் ஒவ்வொரு வருடமும் ஒரே பதிலைச் சொல்வார்: “கணக்கு போட்டுக் காட்டும்மா, பார்க்கலாம்.”

ஆளைக் கிளப்பிவிடுவதற்காகச் சொல்லப்படும் வார்த்தை அது. பத்து வருடம் அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். பதினோராவது வருடம், என்ன தோன்றியதோ, அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். அவள் பெரிய அறிவாளி என்று சொல்ல மாட்டேன். பிடிவாதக்காரி. நாற்பத்தொன்பது வயதில் இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்க்க அதிக வித்தியாசம் தெரிவதில்லை.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் கல்லூரிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பணிபுரிவோருக்கான தொடர் கல்வி. கேக் அலங்காரம், புகைப்படக் கலை, நிறுவன நிதி அறிமுகம். எல்லாம் பன்னிரண்டு சனிக்கிழமைகள், மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை. மூன்றாவதற்குக் கீழே மட்டும் ‘முன்னறிவு தேவையில்லை’ என்று போட்டிருந்தது. தன்னை மனதில் வைத்து யாரோ எழுதியது போல அவளுக்குப் பட்டது.

“கேக் கத்துக்கிட்டாலாவது வீட்டுக்கு ஏதாவது வரும்,” என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கும் பாதிக் கட்டடங்கள் அவரை நம்பித்தான் மேலே போகின்றன.

“கேக் செஞ்சு பெரியவர்கிட்ட நீட்டினா ரோலர் வாங்கித் தருவாரா?”

“அவர் எதை நீட்டினாலும் தர மாட்டார். கேக்கா இருந்தா நாமளாவது சாப்பிடலாம்.”

வகுப்பில் இருபது பேர். கல்லூரிப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் தொப்பையை மேஜைக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் செருகி உட்கார்ந்திருந்தார்கள். மகன் விரட்டியதால் வந்த மருந்துக் கடைக்காரர் ஒருவர், சொந்தமாகக் கிளினிக் திறந்துவிட்டு விழித்துக்கொண்டிருந்த பல் டாக்டர் ஒருவர், இப்படி. பாடம் எடுத்தவர் வாரநாட்களில் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர். ஒவ்வொரு கடினமான விஷயத்தையும் சொல்லி முடித்ததும் “சிம்பிள்” என்பார். நான்காவது சனிக்கிழமைக்குள் அந்த வார்த்தையைக் கேட்டாலே வகுப்பு நோட்டைப் பின்னால் புரட்ட ஆரம்பித்துவிட்டது.

முதல் நாள் அவர் கேட்டார்: “இன்னிக்குக் கையில நூறு. இல்லேன்னா அடுத்த வருஷம் இதே நாள்ல நூறு. எது வேணும்?”

எல்லாரும் இன்றைக்கு என்றார்கள்.

“ஏன்னா காலம் போகப் போகக் காசோட மதிப்பு குறையுது. நாளைக்கு வரப்போற காசை ஒரு வீதத்துல கழிச்சு இன்னிக்கு மதிப்புக்குக் கொண்டு வரணும். அதுதான் இந்தப் படிப்பே. சிம்பிள்.”

அவள் கையைத் தூக்கினாள். “பதினொரு வருஷம் கழிச்சு வந்தா?”

“என்ன வீதத்துல கழிக்கிறோங்கறதைப் பொறுத்தது.”

“ஆவிக்கு நடுவுல நின்னுக்கிட்டே காத்திருந்தா என்ன வீதம் சார்?”

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதை ஒரு உண்மையான கேள்வியாக எடுத்து யோசித்தார். “ரிஸ்க் அதிகம்னா வீதமும் அதிகம்,” என்றார். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தக் கணத்தில்தான் ஒருவர் மேல் ஒருவருக்கு மரியாதை வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் இன்னொன்று சொன்னார். ஏற்கெனவே கொட்டிய பணத்தைப் பார்த்து இனி கொட்டப் போவதை முடிவு செய்யக் கூடாது. போனது போனதுதான். இதை அவள் நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். “இந்த மெஷினுக்கு இதுவரை எவ்வளவு செலவு பண்ணியிருக்கேன் தெரியுமா?” என்பது பெரியவரின் இரண்டாவது பதில். முதல் பதில் பலிக்காத வருடங்களில் அதையும் எடுத்து விடுவார்.

ஆலையில் அவளுக்குக் காலேஜக்கா என்று பெயர் விழுந்தது. வைத்தவளுக்கே எஃப்.எம். என்று பட்டப்பெயர். அவள் ரோலரின் அந்தப் பக்கத்தில் விரிப்பைப் பிடிக்கிறவள். காலையில் பேச ஆரம்பித்தால் மாலை சைரன் ஊதும்போதுதான் நிலையம் மூடும்.

“என்ன காலேஜக்கா, வீட்டுப் பாடம் எழுதியாச்சா? இல்ல முட்டி போட வெச்சாங்களா?”

“நீ விரிப்பைப் பாரு. ஓரம் மடங்குது.”

“அது மடங்கினா மடங்கட்டும்க்கா. நீங்க ஃபெயிலாயிட்டா எங்க மானம் போயிடும். நாங்க ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கோம், புது ரோலர் வரப்போகுதுன்னு.”

சொல்லி வைத்தது அவர்கள் மட்டுமல்ல. முதல் சனிக்கிழமை முடிந்து வந்த திங்களன்று, கொஞ்சம் ஆர்வக் கோளாறில், காலேஜக்காவே வாக்குக் கொடுத்துவிட்டாள். “இந்த வெயில் காலம் வர்றதுக்குள்ள இதை இங்கேருந்து கழட்டிடறேன், பாருங்க.” ஏழு பேரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டிலும் படிப்பு புகுந்தது. சமையலறைக் குழாய் ஐந்து மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கணவர் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் சரிசெய்வதாகச் சொல்வார்.

“உங்க வாக்குக்கு இன்னிக்கு மதிப்பு என்னன்னு போட்டுப் பார்த்தேன்.”

“எவ்வளவு வருது?”

“பூஜ்யத்துக்குக் கீழ.”

“கீழ எப்படிப் போகும்?”

“அதை நம்பி வாளி வேற வாங்கி வெச்சிருக்கேன்ல.”

ஒன்பதாவது வாரம் வகுப்பில் திட்ட வேலை கொடுத்தார்கள். உங்கள் வேலையிடத்தில் ஒரு முதலீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இறங்கலாமா என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மற்றவர்கள் என்ன எடுப்பது என்று தலையைச் சொறிந்தபோது காலேஜக்கா பதினொரு வருடம் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

புது ரோலரின் விலை நாற்பது லட்சம். எட்டு வருடம் உழைக்கும். ஊரின் மறு கோடியில் ஒரு ஆஸ்பத்திரி தங்கள் விரிப்புகளையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு, மாமியாரால் முடியாது என்று பெரியவர் திருப்பி அனுப்பியிருந்தார். புது ரோலர் வந்தால் அதை எடுக்கலாம். நாளுக்கு எத்தனை கிலோ கூடுதலாக ஓட்ட முடியும்? அவளிடம் சீட்டுகள் இருந்தன. பிழிந்த துணி வண்டியில் வந்ததும் எடை போட்டு அவள் கையாலேயே எழுதும் சீட்டுகள். அதை வைத்துத் தொள்ளாயிரம் கிலோ என்று போட்டாள். கிலோவுக்கு இவ்வளவு மிச்சம், வருடத்துக்கு முந்நூறு நாள், எட்டு வருடம். ஒவ்வொரு வருடத்துக் காசையும் கழித்துக் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தாள். விலை போக ஏழு லட்சம் மீந்தது.

மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் ஏழுதான். பேங்க்காரர் முதல் பக்கத்தில் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதி வகுப்புக்கே காட்டினார். பல் டாக்டர் அதன் கட்டங்களை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த திங்கள் அவள் முதலாளிகளின் அறைக்குப் போனாள். அந்த அறையில் இரண்டு மேஜைகள். ஒன்று கிழக்குச் சுவரைப் பார்த்திருக்கும், மற்றது மேற்குச் சுவரை. அண்ணனும் தம்பியும் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து பல வருடமாகத் தொழில் நடத்துகிறார்கள். நேராகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் யார் நிற்கிறார்களோ அவர்கள் வழியாகப் பேசுவார்கள். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்பதால் நடுவில் நிற்பவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நின்றால் போதும்.

“ஏழு லட்சம் மிச்சமா? இன்னிக்கு மதிப்புலயா?” என்றார் சின்னவர் எழுந்து வந்து. அவருக்குப் புதிதாக எது வந்தாலும் பிடிக்கும். “அவர்கிட்ட சொல்லும்மா, நான் நாலு வருஷமா இதைத்தான் சொல்றேன்னு.”

“நாலு வருஷமா வாயாலதான சொன்னார். அந்தப் பொண்ணு பேப்பர்ல சொல்லுது. இந்த மெஷினுக்கு இதுவரை எவ்வளவு...” என்று பெரியவர் ஆரம்பித்தார்.

“அது போன காசு சார். அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது.”

பெரியவர் முதன்முறையாகச் சுவரிலிருந்து திரும்பினார். “யார் சொன்னது?”

“பேங்க்காரர் சார்.”

பேங்க் என்றதும் அவர் குரல் இறங்கிவிட்டது. தாளை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். கட்டங்களுக்குள் எழுதப்பட்டதை மனிதர்கள் ஏன் அவ்வளவு நம்புகிறார்கள் என்று தெரியவில்லை. இதே வார்த்தைகளை அவள் வாயால் சொன்னபோது பத்து வருடம் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில், “வெள்ளிக்கிழமை அந்த விக்கிறவனை வரச்சொல்லு. கையெழுத்துப் போட்டுடறேன்,” என்றார்.

அன்று இஸ்திரிப் பிரிவில் வேலையே நடக்கவில்லை. எஃப்.எம். காலேஜக்காவைத் தூக்கப் பார்த்து, முடியாமல், கட்டிப்பிடித்துக்கொண்டாள். புது இயந்திரத்துக்கு அப்போதே பெயரும் வைத்தாகிவிட்டது: மருமகள்.

“பாருங்க, அது வந்து பத்து நாள் ஒழுங்கா இருக்கும். அப்புறம் அதுவும் இவ மாதிரியே சீற ஆரம்பிக்கும்,” என்றாள் எஃப்.எம்.

செவ்வாய்க்கிழமை மதியம் பில் போடும் குமாஸ்தா வந்தார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் படிக்காமல் குத்துவார் என்பதால் அவருக்கு ரப்பர் ஸ்டாம்ப் என்று பெயர். அந்தப் பெயரில் ஒரு அநியாயம் இருந்தது, ஏனென்றால் மனிதர் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் குத்தினார். படித்ததை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

“வாழ்த்துகள்மா. பெரியவர் உன் கணக்கைக் கொடுத்து ஃபைல்ல வைக்கச் சொன்னார். பார்த்தேன். நல்லாப் போட்டிருக்க. ஒரே ஒரு சந்தேகம். இப்ப நாம ஒரு நாளைக்கு மூவாயிரம் கிலோ ஓட்டறோம்னு போட்டிருக்கியே?”

“ஆமா. என் சீட்டு இருக்கு.”

“நான் பில் போடறது ரெண்டாயிரத்துக்குத்தானே!”

காலேஜக்கா அவரைப் பார்த்தாள். பிறகு தராசைப் பார்த்தாள். தராசின் மேல் பிழிந்த விரிப்புகளின் வண்டி நின்றிருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

ஆஸ்பத்திரிக்காரன் காசு கொடுப்பது காய்ந்த துணியின் எடைக்கு. அவள் சீட்டு எழுதுவது ஈரத் துணியின் எடைக்கு. இருபது வருடமாக அவளுக்குக் கிலோ என்றால் ஈரக் கிலோதான். அந்தப் பிரிவில் வேறு கிலோவே கிடையாது. வகுப்பில் யாருக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை. பேங்க்காரருக்கும் தெரியாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். எட்டு வருடத்துத் தண்ணீரை அவள் வட்டி கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்திருந்தாள்.

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்றாள் மெதுவாக.

“எனக்கெதுக்கும்மா? நான் ஸ்டாம்ப் குத்தறவன்.” அவர் போய்விட்டார்.

அவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனிலேயே கணக்கைத் திரும்பப் போட்டாள். தொள்ளாயிரம் அறுநூறானது. ஏழு லட்ச மிச்சம் போய் எட்டே முக்கால் லட்ச நஷ்டம் வந்தது.

வெளியே வந்தபோது எஃப்.எம். மருமகளை எந்த மூலையில் நிறுத்துவது, ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா என்று மற்றவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டில் காலேஜக்கா சாப்பிடவில்லை. கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“யாருக்கும் தெரியாதுல்ல?”

“ஸ்டாம்ப்புக்குத் தெரியும். அவர் சொல்ல மாட்டார்.”

“அப்ப வெள்ளிக்கிழமை கையெழுத்தாயிடும், மெஷின் வந்துடும்.”

“வந்துடும்.”

“அப்புறம் என்ன?”

“வந்தப்புறம் நஷ்டம் வரும். அந்த ரெண்டு பேரும் முதுகைத் திருப்பிக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லுவாங்க. மூணாவது வருஷம் பிரிவுல ஆளைக் குறைப்பாங்க. மருமகளுக்கு ஆள் கம்மியாப் போதும்னு அந்த விளம்பரத் தாள்லயே போட்டிருக்கு.”

இதை அவள் நேர்மை என்று நினைத்துச் சொல்லவில்லை. கணக்கு ஒழுங்காக வரவில்லை என்ற எரிச்சலில்தான் சொன்னாள். அந்த எரிச்சல், நல்லவர் என்று பெயர் வாங்கும் ஆசையைவிட நம்பகமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

புதன்கிழமை மாலை அவள் சாப்பாட்டு மேஜையில் எல்லாச் சீட்டுகளையும் பரப்பினாள். எங்கேயாவது ஒரு வரவை விட்டிருக்கிறோமா, எதையாவது கூட்டலாமா என்று தேடினாள். கணவர் எதிரில் உட்கார்ந்து கூட்டல் கழித்தல் படித்துக் காட்டினார். அவருக்கு அந்த ஆலையில் துணி எப்படிப் போகிறது என்பதே சரியாகத் தெரியாது. இருபது வருடத்தில் அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

“ஒரு விரிப்புக்கு எவ்வளவு நேரம்?”

“உள்ள விட்டு வெளிய வர ஒரு நிமிஷம். அப்புறம் இந்தப் பக்கம் கொண்டு வந்து திரும்ப உள்ள விட்டு, திரும்ப...”

“எதுக்குத் திரும்ப?”

“காயணும்ல.”

“முதல் தடவையே காயாதா?”

“காயாது.”

“அது எப்படி? அவ்வளவு பெரிய மெஷினை ஒரு விரிப்புக்கு ரெண்டு தடவை ஓடறாப்லயா செஞ்சிருப்பான்? மூணாவது மாடிக்கு ரெண்டு தடவை போனாத்தான் கதவு திறக்கும்னு ஒரு லிஃப்டை நான் சரிபண்ணிக் குடுத்தா என்னை அடிச்சே போட்டுடுவாங்க.”

“அது ரெண்டு நாளைக்குத்தாங்க,” என்றாள் காலேஜக்கா. சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினாள்.

“எந்த ரெண்டு நாள்?”

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் உருளைக்குள்ளிருந்து தண்ணீரை வெளியேற்றும் வால்வு அடைத்துக்கொண்டது. ஆவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கி உருளையின் சூடு குறைந்துபோனது. விரிப்புகள் ஈரமாகவே வெளியே வந்தன. பெரியவர் வந்து பார்த்து, “மெக்கானிக் வர்ற வரைக்கும் ரெண்டு நாளைக்கு ரெண்டு தடவை விடுங்க,” என்றார். மெக்கானிக் வந்தார். பாகம் வரவழைக்க வேண்டும் என்றார். பாகம் வரவேயில்லை, அதற்குள் இரண்டு தடவை விடுவது கைக்குப் பழகிவிட்டது. பிறகு வந்த பெண்களுக்கு அவளேதான் சொல்லிக்கொடுத்தாள்: ஒரு தடவை விடு, பிடி, சுத்தி வா, இன்னொரு தடவை விடு. அந்த வருடத்திலிருந்துதான் அவள் புது ரோலர் கேட்க ஆரம்பித்தாள் என்பதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. தினமும் கண்ணால் பார்த்த ஒன்றை அவள் எந்தச் சீட்டிலும் எழுதியதில்லை. இந்தக் கதையிலும் இதுவரை அது வரவில்லை.

“வால்வும் உருளைக்கு மேல சுத்தற துணியும் மாத்த எவ்வளவுங்க ஆகும்?”

“குழாய் மூட்டெல்லாம் சேர்த்துப் பார்த்தாக்கூட ரெண்டு லட்சம் தாண்டாது.”

ஒரு தடவையில் காய்ந்தால் மாமியாரின் நேரத்தில் பாதி மிச்சம். அந்தப் பாதியில் மறு கோடி ஆஸ்பத்திரியின் அறுநூறு கிலோவும் அடங்கிவிடும். காய்ந்த கிலோ. நாற்பது லட்சம் வேண்டாம், இரண்டு லட்சம் போதும். அவள் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டே போனாள். மிச்சம் இருபத்தொன்பது லட்சத்தைத் தாண்டியது. பென்சிலைக் கீழே வைத்தாள். முகத்தில் சந்தோஷமில்லை.

“என்ன, நல்லதுதானே?”

“அப்ப மாமியார் இருக்கப் போறா,” என்றாள். “இன்னும் எட்டு வருஷம்.”

பதினொரு வருடம் கேட்டு, எதற்காகக் கணக்குப் படிக்கப் போனாளோ, அதைத் தன் கணக்கே பிடுங்கிக்கொண்டு போவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு பேருக்குக் கொடுத்த வாக்கும் அதோடு போயிற்று. பிறகு திடீரென்று இன்னொரு தாளை எடுத்தாள். அதில் என்ன எழுதினாள் என்று கணவரிடம் காட்டவில்லை.

வியாழக்கிழமை காலை முதலாளிகளின் அறையில், இரண்டு முதுகுகளுக்கு நடுவில் நின்று சொன்னாள்: “சார், நான் போட்ட கணக்கு தப்பு. ஈரத்துணியை எடை போட்டுட்டேன்.”

பெரியவரின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிய நேரமாயிற்று, ஏனென்றால் அந்த அறையில் அது வழக்கமில்லை.

“அவர்கிட்ட சொல்லும்மா. தண்ணிக்கு நாற்பது லட்சம் குடுக்க இருந்தோம்னு சொல்லு!”

சின்னவரின் காது சிவந்தது. “கையெழுத்துப் போடறேன்னு சொன்னது யாருன்னு கேளும்மா!”

“இன்னும் முடியலை சார்,” என்றாள் காலேஜக்கா. இரண்டாவது தாளை வைத்துவிட்டு வால்வைப் பற்றிச் சொன்னாள். இரண்டு தடவை விடுவதைப் பற்றிச் சொன்னாள். மிச்சம் இருபத்தொன்பது லட்சம் என்றாள். அது யார் போட்ட உத்தரவு என்று மட்டும் சொல்லவில்லை.

“ரெண்டு தடவையா? பதினொரு வருஷமாவா?” சின்னவர் நாற்காலியோடு திரும்பினார். “எவன் சொன்னான் இப்படி விடச் சொல்லி?”

காலேஜக்கா ஜன்னலைப் பார்த்தாள். பெரியவர் கிழக்குச் சுவரைப் பார்த்தார். சின்னவர் பெரியவரின் முதுகைப் பார்த்தார். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலே எல்லாம் விளங்கிவிட்டது. சின்னவர் முகத்தில் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நிம்மதி பரவியது.

“ரெண்டு நாளைக்குத்தான் சொன்னேன்,” என்றார் பெரியவர், சுவரிடம்.

பிறகு தாளை இழுத்துப் பார்த்தார். “மிச்சம் பன்னிரண்டு லட்சமா? இப்பதான் இருபத்தொன்பதுன்னு சொன்ன?”

“மொத்தம் இருபத்தொன்பதுதான் சார். அதுல புதுசா ரெண்டு ஆள் சம்பளமும் ஆவியை வெளிய தள்ளற பெரிய ஃபேனும் கழிச்சிருக்கேன். பிரிவுல ஏழு பேருக்கும் கொஞ்சம் கூட்டியும் போட்டிருக்கேன்.”

“அதை யார் கேட்டா?”

“கணக்கு கேட்டுது சார். அறுநூறு கிலோ கூடுதலா எடை போட்டு மடிச்சு அடுக்க ஏழு பேர் தாங்க மாட்டாங்க. பாதியில நின்னுட்டா வரவும் நின்னுடும். ரிஸ்க் அதிகமானா வீதமும் அதிகமாயிடும்.”

“இதையும் அந்த பேங்க்காரர்தான் சொன்னாரா?”

“ஆமா சார்.”

பேங்க்காரர் அதில் பாதியைத்தான் சொல்லியிருந்தார். பெரியவர் பேனாவை எடுத்தார். ஏழு பேருக்கான கூட்டலில் ஒரு வரியைக் கோடு போட்டுக் குறைத்தார். குறைப்பார் என்று தெரிந்தே அவள் அங்கே ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தாள். மற்ற எல்லாம் நின்றது.

பிரிவுக்குத் திரும்பி வந்தபோது ஏழு பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். முதலாளிகளின் அறையில் நின்றதைவிட இங்கே நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது.

“மருமகள் வரலை,” என்றாள் காலேஜக்கா.

எஃப்.எம். கூடப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. காலேஜக்கா ஈரக் கிலோவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். ஃபேன், இரண்டு ஆள், சம்பளம் வரை.

“அப்ப ஆறு மாசம் காலேஜுக்குப் போய்,” என்றாள் எஃப்.எம். கடைசியில், “மாமியாருக்கு வைத்தியம் பார்க்கத்தான் கத்துக்கிட்டு வந்திருக்கீங்க.”

“மூணு மாசம்தான்டி.”

“அந்த ஆஸ்பத்திரி துணியும் நம்ம தலையிலதானே?”

“ஆமா.”

“ஃபேன் நிஜமா வருமா? இல்ல அதுவும் ஈரமா?”

“காய்ஞ்சதுதான். நானே ரெண்டு தடவை எடை போட்டுட்டேன்.”

எஃப்.எம். யோசித்தாள். அவள் மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. திரும்பிப் பேச ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

வால்வு மூன்றாவது வாரம் வந்தது. ஃபேனும் வந்தது, அது ஆவியை வெளியே தள்ளும் சத்தத்தில் எஃப்.எம். பாதி நாள் தன் குரலைத் தானே கேட்க முடியாமல் திணறினாள். விரிப்புகள் ஒரே தடவையில் முறுமுறுவென்று காய்ந்து வந்தன. அவள் திருத்திக் கொடுத்த கணக்குக்கு, தாமதம் என்று மதிப்பெண்ணைக் குறைத்து எழுபத்தொன்று போட்டார் பேங்க்காரர். முதல் தடவை போட்ட தப்பான கணக்குக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டிருந்தார். இதில் ஏதோ நியாயமில்லை என்று அவள் சொன்னதற்கு, விதி அப்படித்தான், சிம்பிள் என்றார்.

இரண்டு புதுப் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒருத்தியை எஃப்.எம். பக்கத்தில் பிடிக்க நிறுத்தினார்கள். நான்காவது நாள் காலேஜக்கா தராசடியில் நின்று கவனித்தாள். எஃப்.எம். விரிப்பைப் பிடித்து இழுத்தாள், உள்ளே விடும் பக்கம் பார்த்து இரண்டடி எடுத்து வைத்தாள், நின்றாள், திரும்பி வந்து மடித்தாள். பழைய கால்கள், அது போகப் போகச் சரியாகிவிடும். ஆனால் அடுத்த விரிப்பைப் பிடித்த புதுப் பெண்ணும் அதே போல இரண்டடி எடுத்து வைத்து, நின்று, திரும்பி வந்து மடித்தாள்.

“ஏம்மா, நீ எதுக்கு அங்க போற?”

அந்தப் பெண் பயந்துவிட்டாள். “தப்பாக்கா? நான்... இங்க அப்படித்தான் போலன்னு நினைச்சேன்.”

காலேஜக்கா போய் ரோலரை நிறுத்தினாள். உருளை சுழன்று சுழன்று அடங்கியது. “எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க,” என்றாள். ஒன்பது பேரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

“இன்னிக்குப் பூரா பேசாம நிப்போம்,” என்றாள். “நாம வேற என்னெல்லாம் இப்படி எதுக்குன்னே தெரியாமப் பண்றோம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. சொல்ற வரைக்கும் சுவிட்ச் போட மாட்டேன்.”

“பேசாம நிக்கணுமா, சொல்லணுமா?” என்றாள் எஃப்.எம். “ஏதாவது ஒண்ணு சொல்லுங்கக்கா.”